நடராசா துணி தேடிய கதை

தர்மபுரத்தில் நடராசாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். நடராசாவின் கதவைத் தெரியாதவர்கள் இல்லை. இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம் போரால் ஊரே இடம்பெயர்ந்து ஓடியபோது மற்றவர்கள் அரிசியையும் பாயையும் கட்டினார்கள். நடராசா புது வீட்டின் வாசல் கதவைக் கழற்றிச் சைக்கிளில் கட்டினார். முதிரை மரக் கதவு, பூவேலை செய்தது, ஒரு ஆள் தனியே தூக்க முடியாதது. வீடு போனாலும் கதவு மிஞ்சும் என்பது அவருடைய கணக்கு. விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று வீடில்லாத கதவை உருட்டிக்கொண்டு போனவர், கடைசியில் முள்ளிவாய்க்கால் மணலில் அதை விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து சேர்ந்தார். மனைவி விமலேஸ்வரி இந்தக் கதையைக் கலியாண வீட்டிலும் சொல்லுவாள், செத்த வீட்டிலும் சொல்லுவாள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் இப்போது குசினிக் கூரை வளையில் ஒரு தூக்குத் தராசைக் கொழுவி, அவளுடைய துவாயை நிறுத்துக்கொண்டிருந்தார். இரணைமடுவில் மீன் பிடிக்கும் கூட்டாளியிடம் இரவல் வாங்கிய தராசு. அதில் தொங்கிய எல்லாச் சாமானும் குளத்து மீன் மணந்தது.

"பாதியா வெட்டினால் பாதிப் பாரம் குறையும்," என்றார்.

"அப்ப நான் பாதி உடம்பைத்தான் துடைக்கிறதோ?" என்றாள் விமலேஸ்வரி.

விசயம் இதுதான். அவளுக்குக் கதிர்காம முருகனோடு ஒரு பழைய நேர்த்தி. மகள் தேனுகா கைக்குழந்தையாக இருக்கும்போதுதான் அந்த ஓட்டம் தொடங்கியது. 'முருகா, இந்தப் பிள்ளையை உயிரோட விட்டால், அவளைக் காவிக்கொண்டு உன்ர வாசலுக்கு நடந்து வருவன்' என்று அப்போது நேர்ந்தாள். முருகன் தன் பங்கைச் செய்துவிட்டார். இவள்தான் செய்யவில்லை. முதலில் முகாம் என்றாள், பிறகு வீடு கட்டவேண்டும் என்றாள், பிறகு வெள்ளம், வரட்சி, கொரோனா, பெற்றோல் வரிசை. நாலு கிலோவில் காவியிருக்கவேண்டிய பிள்ளைக்கு இப்போது பதினாறு வயது. இனிக் காவுவதென்றால் ரக்ரர்தான் பிடிக்கவேண்டும்.

இந்த வருசம் அவள் ஒற்றைக் காலில் நின்றதற்குக் காரணம் மற்றக் கால். வலது முழங்கால் வீங்கி, கிளிநொச்சியில் டொக்டரிடம் போனபோது அவர் ஒளிக்காமல் சொன்னார். "இப்ப நடக்கலாம் அம்மா. அஞ்சு கிலோவுக்கு மேல தூக்காதேங்கோ. இன்னும் ரெண்டு வருசம் போனால் தூர நடையை மறந்திட வேண்டியதுதான்." திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் இருந்து வழியெல்லாம் அழுதாள். சாமிக்குப் பொய் சொன்னவளாகச் சாகப் போகிறேனே என்ற பயம். இந்த முறை போகாவிட்டால் இனி எந்த முறையும் இல்லை.

பாதயாத்திரைக் கூட்டம் வடக்கே செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து புறப்பட்டு முல்லைத்தீவைக் கடக்கும்போது தர்மபுரத்து ஆட்களும் போய்ச் சேர்ந்துகொள்வது வழக்கம். அவர்களைக் கூட்டிக்கொண்டு போவது சுப்பம்மா. கண்டிப் பக்கத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறிய குடும்பத்துப் பெண். வருசம் தவறாமல் போய்வருகிறவள். ஒரு யூரியாப் பையின் இரண்டு மூலையிலும் கயிற்றைக் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு, கதிர்காமப் பாதையிலுள்ள குமணக் காட்டையும் யால காட்டையும் சந்தைக்குப் போவதுபோல் தாண்டி விடுவாள்.

விமலேஸ்வரி கேட்டபோது நடராசா தடுக்கவில்லை. தடுத்தால் முருகன் கோபிப்பார் என்ற பயம் அவருக்கும் உண்டு. நிபந்தனை மட்டும் போட்டார்.

"போ. ஆனால் டொக்டர் சொன்ன பாரத்துக்கு மேல ஒரு ஊசியும் கூடக்கூடாது. கடையில விக்கிற பை எல்லாம் வெறும் பாரம். நல்ல லேசான துணியாத் தெரிஞ்செடுத்து நானே தைச்சுத் தாறன். சரிவந்தால் போகலாம். இல்லாட்டி அடுத்த வருசம் பாப்பம்."

'அடுத்த வருசம்' என்ற சொல்லைக் கேட்டதும் விமலேஸ்வரி முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

நடராசாவுக்கு இந்த ஞானம் போனிலிருந்து வந்தது. கனடாவிலுள்ள மச்சான் அனுப்பிய வீடியோ. அதில் ஒரு வெள்ளைக்காரன் மலையேறப் போகிறான். போகுமுன் சாமான்களை ஒவ்வொன்றாக நிறுக்கிறான். பல்லுத்துலக்கும் பிரஷின் பிடியை மரம் அரியும் வாளால் அரிந்து எறிகிறான். சொந்தமாகப் பை தைக்கிறான், அந்தப் பை ஒரு சேட்டின் பாரம்கூட இல்லை. இதைப் பார்த்த அன்றே விமலேஸ்வரியின் பிரஷுக்குப் பிடி போய்விட்டது. மறுநாள் சீப்புக்குப் பாதிப் பல்லுப் போனது. வேப்பங்குச்சியால் பல்லுத் தீட்டி வளர்ந்த மனிதருக்கு, அந்தக் குச்சிக்குப் பாரமே இல்லை என்பது ஞாபகத்துக்கு வரவில்லை.

முதல் துணி படங்கு. நெல் காயவிடும் நீலப் படங்கில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. தண்ணி போகாது, கிழியாது என்று புகழ்ந்துகொண்டே தைத்தார். தைத்து முடித்துத் தராசில் கொழுவினால், வெறும் பையே ஒரு சேவலின் பாரம். முதுகில் போட்டு நடந்தால் சரக் சரக் என்று சத்தம் வேறு.

"யால காட்டில ஆனைக்கு மணி கட்டிவிட்ட மாதிரி இருக்கும். நான் வாறது அதுகளுக்கு முதலே தெரியும்," என்றாள் விமலேஸ்வரி.

அடுத்தது குடைத்துணி. இது லேசு என்பதில் சந்தேகமில்லை. வீட்டிலிருந்த குடைகள் அத்தனையையும் கம்பி கழற்றி உரித்தார். தேனுகா பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் பூப்போட்ட குடையும் தப்பவில்லை. துண்டு துண்டாகப் பொருத்தித் தைத்த பை, கோயில் திருவிழாவில் காணாமற்போன சின்னச் சப்பறம் மாதிரி இருந்தது. சோதனைக்கு அரிசி போட்டுத் தூக்கினார். தையல் விட்டு, அரிசி முற்றமெல்லாம் சொரிந்தது. கோழிகள் அவரை அன்று மிகவும் வாழ்த்தின. அந்தக் கிழமை முழுக்கப் பின்னேரம் பின்னேரம் மழை. தேனுகா படங்குப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ரியூசனுக்குப் போனாள்.

"அதுக்காவது உதவிச்சுதே," என்றார் நடராசா. மனிதருக்கு வெட்கம் என்பது மருந்துக்கும் கிடையாது.

மூன்றாவது கூடாரத்துணி. மீள்குடியேறிய காலத்தில் ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் தந்தது. மாட்டுக் கொட்டிலில் கிடந்தது. வெயில் தின்ற துணி. கையில் பிடித்து இழுக்க அப்பளம்போல் நொறுங்கி வந்தது. நடராசா மனம் தளரவில்லை. பஸ் ஏறி வவுனியாவுக்குப் போனார். ஒருநாள் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கி, துணிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தண்ணி தெளித்துப் பார்த்து, ஒரு கடைக்காரனிடம் மூக்கு முட்டப் பேச்சும் வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒரு பொதியோடு வந்து இறங்கினார். முகத்தில் வெற்றி.

"இதுதானப்பா துணி! லேசு, நனையாது, முள்ளுக் கொழுவினாலும் கிழியாது. மலிவும்கூட."

பொதியைப் பிரித்தாள். பச்சையும் மண்ணிறமும் கறுப்பும் கலந்து திட்டுத் திட்டாகப் போட்ட துணி. பட்டாளத்துக்காரன் உடுப்பு நிறம்.

விமலேஸ்வரி அதை விரல் நுனியால் தூக்கிப் பிடித்தாள். பிறகு கேட்டாள். "இஞ்சருங்கோ, இது கதிர்காமத்துக்குப் போற பையோ, நாலாம் மாடிக்கு விசாரணைக்குப் போற பையோ?"

"ஏன், வெளிநாட்டில எல்லாரும் இப்ப போடுகினம்தானே..."

"அங்க போடுவினம். தர்மபுரத்தாள் ஒருத்தி உதை முதுகில போட்டுக்கொண்டு குமணக் காட்டுக்குள்ளால வெளிக்கிட்டு வந்தால், பூமாலை போட்டோ கூப்பிடுவாங்கள்? கோதாரி விழுந்த யோசனை! வன்னியில அம்பது வருசம் இருந்த மனிசனுக்கு உதுகூடத் தெரியாதோ?"

நடராசா துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லேசைப் பார்த்தவர் நிறத்தைப் பார்க்கவில்லை. அந்தத் துணி மண்வெட்டிப் பிடிக்கு உறையாகிப் பின்வளவில் ஒளிந்துகொண்டது.

புறப்பட இன்னும் இரண்டு நாள். யாத்திரைக்கு வருபவர்களைப் பார்த்துப் போகச் சுப்பம்மா வீடுவீடாக வந்தாள். நடராசா அவளுக்கு நாலு துணிகளின் வரலாற்றையும் முதலிலிருந்து சொன்னார். விடிய விடிய இராமாயணம் கேட்டவள்போல் அவள் பொறுமையாக இருந்தாள்.

"ஏன் ஐயா இம்புட்டுப் பாடு? யூரியாப் பை கெடக்குல்ல. அம்பது கிலோ தாங்குற பை, அம்மாவோட அஞ்சு கிலோவத் தாங்காதா?"

"என்ர மனிசி உரப்பையோட போறதோ? சனம் என்ன கதைக்கும்?" என்று பாய்ந்தார் நடராசா.

"நான் அதோடதான் போறேன்," என்றாள் சுப்பம்மா. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

தேனுகா சிரிப்பை அடக்கமுடியாமல் குசினிக்குள் ஓடினாள். சுப்பம்மா எழும்பும்போது விமலேஸ்வரியின் கையைப் பிடித்துச் சொன்னாள்: "வெள்ளிக்கெழம காலையில கெளம்பிருவோம்மா. பை வந்தாலும் சரி, வராட்டியும் சரி. கூட்டம் யாருக்கும் நிக்காது."

விமலேஸ்வரிக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. இந்த மனிசன் வேண்டுமென்றே இழுக்கிறாரோ என்றுகூட நினைத்தாள். துணி கிடைக்காமல் போனால் 'அடுத்த வருசம்' என்பார். அடுத்த வருசம் முழங்கால் இருக்காது. ஆடத் தெரியாதவன் அரங்கு பிழை என்றானாம். இங்கே ஆடப்போகிறவள் ஒருத்தி, அரங்கு பிழை சொல்கிறவர் இன்னொருவர். படலை வரை போய் நின்று, முந்தானையால் மூக்கைச் சிந்தி, 'முருகா, நீயாவது அந்தாளுக்கு ஒரு துணியைக் காட்டன்' என்று மனதுக்குள் கத்தினாள்.

முருகன் காட்டினார். எங்கே காட்டினார் என்பதுதான் கேட்கவேண்டியது.

மறுநாள் வியாழன் சந்தைக்குப் போய்விட்டு வந்தவள், வீட்டுக்குள் காலடி வைத்ததும் அப்படியே நின்றாள். விறாந்தை நிலத்தில் ஒரு பெரிய வெள்ளைத் துணி, கொஞ்சம் பழுப்பேறியது, குடைபோல் வட்டமாக விரிந்து கிடந்தது. ஒரு விளிம்பைத் தேனுகா பிடித்திருந்தாள். நடராசா முழங்காலில் இருந்து சோக்கட்டியால் அதில் பைக்கு அளவு கீறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கத்தரிக்கோல்.

"கையில வெண்ணெயை வச்சுக்கொண்டு நெய்க்கு அலைஞ்சிருக்கிறன்!" என்றார் அவளைக் கண்டதும். "பழைய சீலை ஏதும் கிடக்குமோ எண்டு அலுமாரியைக் கிண்டினால், உன்ர கூறைச்சீலைக்கு அடியில இது! கையில பிடிச்சால் பிடிச்ச மாதிரியே இல்லை. அந்த வெள்ளைக்காரனே இப்பிடித் துணி கண்டிருக்க மாட்டான். உதை எங்கையப்பா வாங்கினனி?"

"கத்தரிக்கோலைக் கீழ வையுங்கோ."

"கீழதானே கிடக்கு. பாரம் தாங்குமோ எண்டதுதான் ஒரு யோசனை. பத்துக் கிலோ அரிசியைப் போட்டுத் தூக்கிப் பாப்பம்."

"அது தாங்கும். பாத்தாச்சு."

"ஆர் பாத்தது?"

"நான் பாத்தனான். அஞ்சு மாசம் பாத்தனான்."

நடராசா நிமிர்ந்தார். விமலேஸ்வரி சந்தைப் பையை வைக்கவும் மறந்துபோய் நின்றபடியே சொன்னாள்.

"நாங்கள் இஞ்சயிருந்து வெளிக்கிடுறதுக்கு முதல் கிழமை, பரா வெளிச்சக் குண்டு அடிச்சவங்கள். அதைத் தாங்கி வந்த பரசூட்டுக் குடை எங்கட புளியமரத்தில கொழுவினது. நான் தடியால இழுத்து எடுத்து ஏணை கட்டினனான். இவள் கிடந்த ஏணை உது. ஓடேக்குள்ள தோளில கட்டிக்கொண்டு ஓடினனான். நிண்ட இடத்தில தொங்கவிட்டு ஆட்டினனான். சோதனை செய்த ஆமிக்காரனும் பிள்ளையைத்தான் பாத்தான், துணியைப் பாக்கேல்லை. பெத்த தகப்பனுக்கு அடையாளம் தெரியேல்லை, சோக்கட்டியால கோடு கீறுறார்!"

தேனுகா பிடித்திருந்த விளிம்பை மெல்லக் கீழே வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பவும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

விமலேஸ்வரியால் நிறுத்த முடியவில்லை. பதினாறு வருசத்துக் கோபம் வாய்க்கு வந்துவிட்டது. "உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் கதவையெல்லோ காவினனீங்கள்! நான் பிள்ளையைக் காவேக்குள்ள நீங்கள் கதவு. நான் பால்மாவுக்கு வரிசையில நிக்கேக்குள்ள நீங்கள் கதவுக்குக் காவல். அண்டைக்கு முதிரைக் கதவைக் காவின மனிசன் இண்டைக்கு என்ர சீப்பின்ர பல்லை எண்ணுறார்!"

வழக்கமாக இந்த இடத்தில் நடராசா சிரித்து மழுப்புவார். ஊரும் சேர்ந்து சிரிக்கும். இன்றைக்குச் சிரிக்கவில்லை. துணியின் நடுவைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"விமலா, முள்ளிவாய்க்காலில இந்த ஏணையை எதில கட்டினனாங்கள்?"

அவள் சந்தைப் பையைக் கீழே வைத்தாள்.

"பங்கருக்கு மேல போட்டது என்ர கதவு. கதவுக்கு மேல மண் மூட்டை. அடியில நான்தான் ரெண்டு கொக்கி அடிச்சனான். அதிலதான் இந்த ஏணை தொங்கினது. செல் விழுந்த அண்டைக்கு மூட்டையெல்லாம் சிதறிக் கதவு நடுவால வெடிச்சுது. உள்ள விழேல்லை. பிள்ளை நித்திரையால எழும்பவுமில்லை." சோக்கட்டியை எட்ட வைத்தார். "வெடிச்ச கதவைக் கொண்டுவந்து என்ன செய்யிறது? அதுதான் விட்டிட்டு வந்தனான்."

அது உண்மை. விமலேஸ்வரிக்கும் தெரிந்த உண்மை. கொக்கி அடித்த சத்தம்கூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் கலியாண வீட்டில் சொன்ன கதையிலோ, செத்த வீட்டில் சொன்ன கதையிலோ அந்தத் துண்டு ஒருநாளும் இருந்ததில்லை. கதவு சைக்கிளில் ஏறும், ஊர் ஊராய் உருளும், மணலில் கிடக்கும். பங்கருக்கு மேலே ஏறாது. ஏறினால் சனம் சிரிக்காதே! புருசன் அரிந்தது பிரஷ் பிடியை. அவள் அரிந்தது அதைவிடப் பெரிய துண்டு.

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெட்கம் வந்தால் குசினிக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டுவது அவள் பழக்கம். அன்றைக்கு நல்லாய் உருட்டினாள். பின்னேரம் முழுக்கத் தையல் மெசின் ஓடிய சத்தம் கேட்டது. எதைத் தைக்கிறார் என்று எட்டிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அந்தத் துணியை வெட்டியிருந்தால் கத்துவதற்கு வாயும் மிச்சமில்லை.

வெள்ளி காலை பை வாசலில் இருந்தது. யூரியாப் பை. நடராசா கழுவிக் காயவிட்டிருந்தார். தோளுக்குப் படங்கிலே மடித்துத் தைத்த அகலமான பட்டி. உள்ளே நனையாமலிருக்கக் குடைத்துணியில் ஒரு உறை. தேனுகாவின் குடைப் பூக்கள் உள்ளே தெரிந்தன. வவுனியாத் துணியை மட்டும் எங்கும் காணவில்லை. அந்தளவுக்கு மனிதருக்குப் புத்தி வந்திருந்தது.

படலையில் நின்ற சுப்பம்மா பையைத் திருப்பிப் பார்த்தாள். "அட, நம்ம பை! ஐயா, சனம் என்ன கதைக்கும்?"

"சனம் நாசமாப் போகட்டும்," என்றார் நடராசா. பையைத் தராசில் கொழுவி அவர் காட்டினார். டொக்டர் சொன்னதற்கு நிறையக் குறைவு. பெருமையை அடக்கமுடியாமல் இரண்டு முறை காட்டினார்.

பிறகு தராசைக் கழற்றி வைத்துவிட்டு, தன் சேட்டுக்குள் இருந்து எதையோ எடுத்துப் பைக்குள் மெல்லச் செருகினார். விமலேஸ்வரி கையை விட்டுப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது. மடித்த வெள்ளைத்துணி, ஒரு மூலையில் சோக்கட்டிக் கோடு அழியாமல் கிடந்தது. வெட்டு ஒன்றும் இல்லை.

"பிள்ளையைக் காவிக்கொண்டு வாறன் எண்டுதானே நேர்ந்தனி," என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "அவளை இனிக் காவ ஏலாது. ஏணையைக் காவு. முருகனுக்கு விளங்கும்."

விமலேஸ்வரி பையின் வாயை இறுக்கிக் கட்டினாள். அழுதால் இந்த மனிசன் அடுத்த வருசம் பார்ப்போம் என்றுவிடுவாரோ என்ற பயத்தில் அதட்டலாகக் கேட்டாள்: "இது எத்தினை கிராம்?"

"தெரியாதப்பா," என்றார் நடராசா. "நிறுக்கேல்லை."

தேனுகா தாயின் தோளில் பட்டியைச் சரிசெய்து விட்டாள். கூட்டம் நகர்ந்தது. பரந்தன்–முல்லைத்தீவு றோட்டில் ஏறி, விசுவமடுப் பக்கம் திரும்பினார்கள். அன்றைக்குக் கதவும் ஏணையும் போன அதே றோட்டு; இப்போது தார் போட்டிருந்தது. கொஞ்சத் தூரம் நடந்தார்கள். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை.

"அம்மா, அந்தக் கதவுக் கதைய ஒருக்காச் சொல்லுங்களேன்," என்றாள் சுப்பம்மா. "நடக்கிறதுக்கு நல்லா இருக்கும்."

விமலேஸ்வரி பையை ஒருமுறை முதுகில் ஏற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு தொடங்கினாள். சைக்கிள் வந்தது, விசுவமடு வந்தது, சனம் சிரித்தது. வழக்கமாக முடிக்கும் மணல் வந்தபோது எல்லோரும் சிரித்துவிட்டுத் தண்ணிப் போத்தலைத் திறந்தார்கள்.

"பொறுங்கோ," என்றாள் விமலேஸ்வரி. "இன்னும் முடியேல்லை. அந்தக் கதவில அந்தாள் ரெண்டு கொக்கி அடிச்சவர்."